‘உனக்குக் கிடையாது’ன்னு எழுதிக் கொடுங்க!

முதியோர், கைம்பெண், மீனவர், குடும்பத் தலைவி என உதவித்தொகைக்கு யார் யார் தகுதியானவர்கள் என்பது பற்றி நீதிமன்றங்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றன. அந்தக் குரல் பழவேற்காடு ஏரிக்கரைக்கு ஏன் வந்து சேரவில்லை?

“ஆயா, ரேகை விழல. நடு வெரல வையி.”

கையடக்க மெஷினின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு நடுவிரலை வைக்கிறார் மூதாட்டி. சிவப்பு விளக்கு எரிகிறது. மோதிர விரலுக்கும் சிவப்புதான். கட்டை விரலைத் தலைமுடியில் நாலு முறை தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார். அதற்கும் அதே சிவப்பு. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். “நாளைக்கு வா ஆயா. வரலைன்னா தாலுகா ஆபீஸ்ல போயி கேளு” என்கிறார் மெஷின் வைத்திருக்கும் வங்கி முகவர். அவர் பேச்சில் கோபம் இல்லை. ஆனால், ‘இந்தத் தேதியில், இந்தக் காரணத்தால் இவருக்குப் பணம் தர இயலவில்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அவர் எழுதித் தருவதில்லை. ஆயா வெறுங்கையோடு போகிறார்.

பென்ஷன் நாளில் ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போனால் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டுமே. சிப்பி கிழித்து, இறால் கொம்பு குத்தி, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனி வழவழத்துப் போகிறது. வாழ்நாள் உழைப்பே ரேகையை அழித்துவிடுகிறது. அப்புறம் அந்த ரேகையைக் காட்டினால்தான் பணம் என்கிறது மெஷின்.

சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அதற்கடுத்து பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே போகும் சாலை பழவேற்காட்டில் முடிகிறது. இந்தப் பொன்னேரி வட்டத்தில் ஏரியையும் கடலையும் நம்பி வாழும் வீடுகளில் வலை காயும் மாதங்களில் அடுப்பை எரிய வைப்பது அரசு தரும் ரொக்கம்தான். முதியோர் பென்ஷன், கைம்பெண் பென்ஷன், தடைக்கால நிவாரணம், மகளிர் உரிமைத் தொகை என்று பெயர்கள் பல. தொகை சிறியதாக இருக்கலாம். அது நின்றுபோகும் மாதத்தில் கந்துவட்டிக்காரரும் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரியும் கடன் கொடுக்க வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

‘உனக்குத் தகுதி உண்டு, உனக்குத் தகுதி இல்லை’ என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரத்துக்கு நீதிமன்றங்கள் போட்ட கடிவாளம் என்ன, அந்தக் கடிவாளம் ஏன் கரையில் இருப்பவர் கைக்குக் கிடைக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரை.

தர்மப் பணமா, உரிமைப் பணமா?

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-ல் வந்தது. நிதி இருக்கும்வரை கொடுப்பார்கள், இல்லாவிட்டால் காத்திருக்கச் சொல்வார்கள் என்பதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது.

அதை மாற்றியது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கு. 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மதிய உணவு, ரேஷன், அங்கன்வாடி ஆகியவற்றோடு முதியோர் ஓய்வூதியமும் குடும்ப நல உதவியும் அந்த உத்தரவுக்குள் வந்தன. தகுதியானவர்களைக் கண்டறிவது அரசின் வேலை, ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்றது. அரசு நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் நிறுத்தும் என்றிருந்த திட்டங்கள், அந்த உத்தரவுக்குப் பிறகு மக்கள் கேட்டுப் பெறும் உரிமையாயின.

அதே வழக்கில் 2007 நவம்பர் 20-ல் வந்த உத்தரவு இன்னொரு கதவைத் திறந்தது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான 500 ரூபாய் உதவியை, ‘மூன்றாவது குழந்தை’, ‘வயது குறைவு’ என்று காரணம் காட்டி மறுத்து வந்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கையோ தாயின் வயதோ தடையாகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது, 2010 ஜூன் 4-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி எஸ்.முரளிதர் அளித்த தீர்ப்பு. வேறு மாநிலத்து ரேஷன் அட்டை என்று சொல்லி ஏழைக் கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பக் கூடாது, ‘நான் ஏழை’ என்று நிரூபிக்கும் சுமையை அந்தப் பெண்ணின் தலையிலேயே ஏற்றிவைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போய் வரும் இருளர் குடும்பங்கள் பொன்னேரிப் பக்கம் நிறைய உண்டு. டெல்லியில் சொல்லப்பட்ட அந்த வரி, அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: எந்தத் தொகை, என்ன தகுதி?

• முதியோர் ஓய்வூதியம்: 60 வயது நிறைவு, வறுமைக்கோட்டுக்குக் கீழ். மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். மீதி மாநிலத்தினுடையது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது.

• கைம்பெண் ஓய்வூதியம் (மத்தியத் திட்டம்): 40 முதல் 79 வயது வரை.

• கணவரால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் (மாநிலத் திட்டம்): 30 வயது நிறைவு. சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

• தேசிய குடும்ப நலத் திட்டம்: குடும்பத்தைத் தாங்கியவர் 60 வயதுக்குள் இறந்தால் ஒரே தவணையாக 20,000 ரூபாய். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் குடும்பத் தலைவியும் ‘தாங்கியவர்’தான் என்கிறது விதி.

• மீன்பிடித் தடைக்கால நிவாரணம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது.

• சேமிப்பு – நிவாரணத் திட்டம்: மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகிறது. மீனவ மகளிருக்கும் உண்டு.

• கலைஞர் மகளிர் உரிமைத் தொகை: 2023 செப்டம்பர் 15-ல் தொடக்கம், மாதம் 1,000 ரூபாய். அப்போதைய விதிப்படி 21 வயது நிறைவு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள்.

ரேகை பொய்த்தால் ஆள் பொய்யா?

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நான்கு பேர் ஒரு பக்கம், நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் மறுபக்கம். அரசின் நலத்திட்டப் பணத்துக்கு ஆதாரைக் கேட்கும் 7-வது பிரிவு செல்லும் என்றது பெரும்பான்மை. ஆனால், விரல் ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தகுதியான எவருக்கும் பலன் மறுக்கப்படாது என்று அட்டர்னி ஜெனரல் அளித்த உறுதியையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்துகொண்டது. அதற்கு முன்பே, 2017 டிசம்பர் 19-ல் மத்திய அமைச்சரவைச் செயலகம் அனுப்பிய சுற்றறிக்கை, ரேகை விழாதபோது கருவிழி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி., அதுவும் இல்லையென்றால் வேறு அடையாளச் சான்று என்று மாற்று வழிகளை வரிசைப்படுத்தியிருந்தது.

ஆக, சட்டத்தில் ஆயாவுக்கு வழி இருக்கிறது. மெஷினை வைத்திருப்பவர் கையில் மாற்றுப் பதிவேடு ஒன்று இருந்தால் அன்றைக்கே பணம் கொடுத்திருக்கலாம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய சந்திரசூட், கருவியின் கோளாறுக்காக ஏழையின் உரிமை பறிபோவதை ஏற்க முடியாது என்று விரிவாக எழுதினார். இந்த ஒரு புள்ளியில் பெரும்பான்மையும் அவருக்கு எதிரே நிற்கவில்லை.

பிறகு ஏன் நிலைமை மாறவில்லை? ‘நாளைக்கு வா’ என்பது மறுப்பாகவே கணக்கில் ஏறுவதில்லை என்பதுதான் காரணம். மாவட்டத்தில் எத்தனை பேர் ரேகை விழாமல் திரும்பினார்கள் என்று மேலதிகாரி கேட்டால், கீழே காட்ட ஒரு தாளும் இருக்காது. தாள் இல்லாதபோது மறுக்கப்பட்டவரும் இல்லை என்றாகிவிடுகிறது.

மகன் இருக்கிறான் என்பது வருமானமா?

ஏரிக்கரையில் அதிகம் கேட்கும் வாய்மொழி மறுப்பு இதுதான்: “உனக்குத்தான் புள்ள இருக்கானே!”

1995-ல் தேசிய முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, பிழைக்க வழியில்லாத ஆதரவற்றவர் என்பதே தகுதியாக இருந்தது. 2007-ல் மத்தியத் திட்டம் அந்த நிபந்தனையை மாற்றி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் என்று விரித்தது. ஆனால், விசாரணைக்கு வருபவர்களின் வாயில் இன்னமும் நிற்பது ‘ஆதரவற்றவர்’ என்ற பழைய சொல்தான். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கும் 2007-ம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ள, ‘மகன்மேல் கேஸ் போடு, பென்ஷன் கேட்காதே’ என்று சொல்வது எளிதாகிவிட்டது.

மகன் யார்? ஏரியில் தண்ணீர் வற்றினால் வருமானமும் வற்றிப்போகும் வலைக்காரர். தடைக்காலத்தில் அவரே நிவாரணத்துக்குக் காத்திருப்பவர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு வரும்போது கரையில் உட்கார்ந்திருப்பவர். ஓர் ஏழை இன்னோர் ஏழைக்கு ஆதரவு என்று கணக்கெழுதினால், இருவரும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

முதியோர் உரிமைகள் பற்றி முன்னாள் சட்ட அமைச்சர் அஷ்வனி குமார் தொடுத்த வழக்கில், 2018 டிசம்பர் 13 அன்று நீதிபதிகள் மதன் பி.லோக்கூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. முதுமையில் மானத்தோடும் கூரையோடும் மருத்துவத்தோடும் வாழ்வது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்றார்கள். ஓய்வூதியத் தொகை நடைமுறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அதை மத்திய மாநில அரசுகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். கூடவே, நிதிவசதியைப் பொறுத்து என்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள். இவ்வளவு கொடு என்று தொகையைச் சொல்ல நீதிமன்றம் முன்வரவில்லை. 2006-ல் 75 ரூபாயிலிருந்து 200 ஆக உயர்ந்த மத்தியப் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளாக அதே 200-ல் நிற்கிறது. அந்தத் தொகைக்கு இன்று ஒரு கிலோ நல்ல இறால்கூட வராது.

கடல் திருப்பித் தராத கணவர்

இந்தக் கரையின் மிகக் கொடிய தகுதிக் கேள்வி, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகளைச் சுற்றி நிற்கிறது. உடல் ஒதுங்கினால் அவர் கைம்பெண். ஒதுங்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் இன்னும் சுமங்கலி. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் கைம்பெண் ஓய்வூதியம் இல்லை, 20,000 ரூபாய் குடும்ப நல உதவி இல்லை, வாரிசுச் சான்றும் இல்லை.

ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்றது 1872-ம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு. அதன் இடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதே ஏழு ஆண்டைத்தான் வைத்திருக்கிறது. ஏழு ஆண்டு கழிந்த மறுநாளே கணவர் தானாக இறந்தவர் ஆகிவிடுவதும் இல்லை. எல்.ஐ.சி. – அனுராதா வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. நீதிமன்றத்திலோ உரிய நடவடிக்கையிலோ கேள்வி எழும்போதுதான் அந்த அனுமானம் பிறக்கும், எந்தத் தேதியில் இறந்தார் என்பதற்கு அனுமானமே கிடையாது, அதைச் சான்றோடு நிறுவ வேண்டும் என்றது. காணாமல் போனவரின் காப்பீட்டுத் தொகையைக் கேட்டு வந்த மனைவி அந்த வழக்கில் தோற்றார்.

காத்திருக்கும் ஏழு ஆண்டில் அந்தப் பெண் எந்தப் பட்டியலில் இருப்பார்? கைம்பெண் பட்டியலில் இடமில்லை. கைவிடப்பட்டவர் பட்டியலில் சேரலாமா? அவர் கைவிட்டுப் போகவில்லையே, மீன் பிடிக்கத்தானே போனார்! பிள்ளைகளின் படிப்பு நிற்பதும், படகுக் கடனுக்கு நகை போவதும், பெண் குழந்தைக்கு அவசரக் கல்யாணம் நடப்பதும் இந்த இடைவெளியில்தான்.

அரசு நினைத்தால் இந்த இடைவெளியைக் குறைக்க முடியும். 2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கி புயலில் காணாமல் போன குமரி மாவட்ட மீனவர்களின் குடும்பங்களுக்கு, ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் விசாரணை நடத்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது தமிழக அரசு. பெரிய பேரிடர் என்பதால் அது நடந்தது. ஒற்றைப் படகு கவிழ்ந்து ஒருவர் மட்டும் காணாமல் போனால் அந்த வேகம் வருவதில்லை. ஆனால், போனது ஒருவர் என்றாலும் அந்த வீட்டுக்கு இழப்பு முழுமையானதுதான்.

இதற்கு வழிகாட்டும் ஒரு தீர்ப்பு கொரோனா காலத்தில் வந்தது. கௌரவ் குமார் பன்சால் வழக்கில் 2021 அக்டோபர் 4 அன்று, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இறப்புச் சான்றிதழில் ‘கொரோனா’ என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்றது. பரிசோதனை முடிவு போன்ற வேறு ஆவணங்களை ஏற்க வேண்டும், 30 நாளில் பணம் தர வேண்டும், மறுக்கப்பட்டவர் முறையிட மாவட்டக் குழு இருக்க வேண்டும் என்றும் வரிசையாகச் சொன்னது. ஒரே ஒரு சான்றிதழை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கைவிடக் கூடாது என்ற அந்த நியாயம், கடலில் போனவரின் மனைவிக்கும் பொருந்தும். படகில் உடன் போனவர்களின் வாக்குமூலம், கடலோரக் காவல் குழுமத்தின் பதிவு, ஊர்ப் பஞ்சாயத்தின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு இடைக்கால உதவியையாவது தொடங்கலாம்.

கடல்காரர், ஏரிக்காரர், பட்டியலில் இல்லாதவர்

தகுதி என்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. இங்கே பாடு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எந்த ஊர்க்காரர், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். பாட்டில் பேர் இருக்கிறவருக்கு வளமான தண்ணீர், இல்லாதவருக்கு ஓரத் தண்ணீர். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் தலித் மக்களும் பெரும்பாலும் இந்த முறைக்கு வெளியே நிற்பவர்கள்.

அரசின் ரொக்க உதவிப் பட்டியல் இந்த வேலியைத் தாண்டி வர வேண்டும். தடைக்கால நிவாரணம் கடல் மீனவக் குடும்பங்களுக்கானது. கடலும் ஏரியும் முகத்துவாரத்தில் கலக்கும் இந்த ஊரில், ஒரு மாதம் கடலுக்கும் மறு மாதம் ஏரிக்கும் போகிறவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? படகும் வலையும் இல்லாமல் கையால் பிடிக்கும் பெண் எந்தச் சங்கத்தின் உறுப்பினர்? சுனாமிக்குப் பின் கடலோரம் எங்கும் இந்தக் கேள்வி ரணமாக எழுந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கை வைத்து நிவாரணம் பங்கிடப்பட்ட இடங்களில், ஆண் துணையில்லாத பெண்களின் வீடுகள் கணக்கிலேயே வரவில்லை.

பழவேற்காட்டின் பெயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு, கூடுதலாக ஆறு ஆண்டுச் சம்பளமும் தரச் சொன்னது. தகுதி என்ன? ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நீதிமன்றத்தின் மனம் பெரியதுதான். ஆனால், தினக்கூலிக்குப் போனவர் எந்தப் பதிவேட்டைக் காட்டி ஓராண்டு வேலையை நிரூபிப்பார்? மறுசீராய்வு மனுக்கள், 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று அந்த வழக்கின் பாதையே பிறகு திசை மாறிவிட்டது. ஏட்டில் பெயர் இல்லாதவருக்குத் தீர்ப்பும் உதவாது என்ற பாடம் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

விதி ஒரே இரவில் மாறும்

மகளிர் உரிமைத் தொகைக்கு 2023 ஜூலையில் முகாம்கள் தொடங்கியபோது, வீட்டில் ஒருவர் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கு இந்தத் தொகை இல்லை என்பது விதி. ஆகஸ்டில் அரசு அதைத் தளர்த்தியது. முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் வீட்டில், தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம் என்றானது. மாமியாருக்குப் பென்ஷன் வருவதால் மருமகள் பட்டியலிலிருந்து விழுந்த வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் அதற்கு முன்பே, ‘உங்க வீட்ல பென்ஷன் வருதே, நீ போம்மா’ என்று வாயால் சொல்லி அனுப்பப்பட்டவர் என்ன ஆனார்? விண்ணப்பம் கொடுத்து மறுக்கப்பட்டிருந்தால் பதிவு இருக்கும், மறுபடி எடுத்துப் பார்க்கலாம். விண்ணப்பத்தையே வாங்காமல் அனுப்பிவிட்டால், விதி மாறியதுகூட அவர் காதுக்கு எட்டாது.

ரொக்க உதவியே தவறு என்ற வாதமும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. எஸ்.சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று, தமிழகத்தின் இலவசத் தொலைக்காட்சி போன்ற திட்டங்கள் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளுக்குள் வருபவை, தேர்தல் அறிக்கையில் அவற்றை அறிவிப்பது ஊழல் குற்றமாகாது என்றது உச்ச நீதிமன்றம். 2019 ஜனவரியில் பொங்கல் பரிசாக 1,000 ரூபாய் தரப்பட்டபோது, வசதி படைத்தவர்களுக்கும் ஏன் தருகிறீர்கள் என்று கேட்டு வரம்பு போட்டது சென்னை உயர் நீதிமன்றம். தேவையானவருக்குப் போகட்டும், தேவையில்லாதவருக்கு வேண்டாம் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், வேண்டாதவரை வடிகட்டும் சல்லடை ஏழைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். வசதியானவர் வாங்கினால் அரசுக்கு 1,000 ரூபாய் நஷ்டம். ஏழைக்கு வராமல் போனால் அந்த வீட்டின் அரிசியும் மருந்தும் நஷ்டம். இரண்டு தவறும் ஒரே எடையல்ல.

■ பெட்டிச் செய்தி: உலக நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

• அமெரிக்கா, 1968: அலபாமா மாநிலத்தில், ஒரு பெண்ணுக்கு ஆண் துணை இருப்பதாகச் சொல்லி அவரது குழந்தைகளுக்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்த விதி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

• அமெரிக்கா, 1970: கோல்ட்பர்க் – கெல்லி வழக்கு. ஏற்கெனவே உதவித்தொகை பெறுபவருக்கு அதை நிறுத்தும் முன்பே விசாரணை நடத்த வேண்டும், நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பது போதாது என்றது தீர்ப்பு.

• தென்னாப்பிரிக்கா, 2004: கோசா வழக்கு. குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு முதியோர், குழந்தைகள் உதவித்தொகையை மறுக்க முடியாது என்றது அரசியல் சட்ட நீதிமன்றம்.

• ஜெர்மனி, 2010: மனித மாண்போடு வாழத் தேவையான குறைந்தபட்சத் தொகையை அரசு மனம்போனபடி குறிக்கக் கூடாது, வெளிப்படையான கணக்கோடு நிர்ணயிக்க வேண்டும் என்றது கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம்.

வழக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?

‘ஐகோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும்’ என்ற நம்பிக்கை கரையில் உண்டு. அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம் என்பது உண்மை. ஆனால், பென்ஷன் மறுக்கப்பட்டவர் போடும் மனுவில் வழக்கமாக வரும் உத்தரவு, ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து முடிவெடுங்கள்’ என்பதுதான். பணம் கொடு என்று அது சொல்லவில்லை. கோப்பு திரும்பவும் அதே தனி வட்டாட்சியரிடம், அதே கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குத்தான் போகிறது.

ஆனாலும் அந்த உத்தரவை அற்பமாக நினைக்க வேண்டாம். அது வந்த பிறகு அதிகாரி வாயால் பதில் சொல்ல முடியாது. காரணத்தோடு எழுத்தில் சொல்லியாக வேண்டும். எழுதினால் அதை விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், தவறென்றால் மேல்முறையீட்டில் உடைக்கலாம். யோசித்துப் பாருங்கள்: ஒரு மூதாட்டி உயர் நீதிமன்றம் வரை போய், மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கி வருவது என்ன? முதல் நாளே தாலுகா அலுவலகம் கொடுத்திருக்க வேண்டிய ஒரு கடிதம்!

அந்தக் கடிதத்தைக் கொடுக்கும் கடமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதற்கான காரணத்தைத் தெரிவிப்பது ஒவ்வொரு அரசு அலுவலகத்தின் கடமை என்று நான்காவது பிரிவிலேயே சொல்கிறது. யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதுகூட இல்லை. கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், ஒருவரைப் பாதிக்கும் முடிவு காரணத்தோடு இருக்க வேண்டும், காரணம் பெயருக்கு ஒட்டவைத்ததாக இருக்கக் கூடாது என்று விளக்கமாகச் சொன்னது.

■ பெட்டிச் செய்தி: மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

• விண்ணப்பத்தை இ-சேவை மையம் வழியாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சீட்டு இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல.

• மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

• ரேகை விழாவிட்டால் கருவிழி, ஓ.டி.பி. அல்லது வேறு அடையாளச் சான்று மூலம் பணம் கேளுங்கள்.

• பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை இது. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஒரு திட்டத்தில் முடிந்தது, மற்றதில் ஏன் முடியாது?

தமிழக அரசால் இதைச் செய்ய முடியும். செய்தும் காட்டியிருக்கிறது. மகளிர் உரிமைத் தொகையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு 2023 செப்டம்பரில் காரணத்தோடு குறுஞ்செய்தி போனது. 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் சொல்லப்பட்டது. கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பயன்பெறும் ஒரு திட்டத்தில் இவ்வளவும் முடிந்தது. அதைவிடப் பழைய, அதைவிட ஏழைகளுக்கான முதியோர், கைம்பெண் ஓய்வூதியங்களிலும் மீனவர் நிவாரணத்திலும் அதே முறையைக் கொண்டுவர என்ன தடை?

மத்தியப் பிரதேசம் 2010-ல் சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பீகாரும் கர்நாடகமும் 2011-ல் தொடர்ந்தன. குறித்த நாளுக்குள் சேவையைத் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், தவறும் அதிகாரிக்கு அபராதம் என்பது இச்சட்டங்களின் அடிப்படை. தமிழ்நாட்டிலும் இப்படியொரு சட்டம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. பழவேற்காட்டுக் கரையிலிருந்தும் அந்தக் குரல் எழ வேண்டும்.

நாம் கேட்பது நாலே நாலு. விண்ணப்பத்தை யார் கொடுத்தாலும் வாங்கிச் சீட்டுக் கொடுங்கள். மறுத்தால் விதி எண், காரணம், தேதி, அதிகாரியின் கையெழுத்தோடு தமிழில் எழுதிக் கொடுங்கள். வந்துகொண்டிருக்கும் பணத்தை முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் நிறுத்தாதீர்கள். ரேகை விழாதவருக்கு அன்றைக்கே மாற்று வழியில் கொடுத்து, பதிவேட்டில் எழுதுங்கள். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. புதிய தீர்ப்பும் தேவையில்லை. 2001 முதல் வந்த தீர்ப்புகளே போதும்.

எழுதிக் கொடுக்கச் சொன்னால், பல மறுப்புகள் எழுதப்படாமலேயே மறையும். ‘மகன் இருக்கிறான்’ என்று வாயால் சொல்லிவிடலாம். ‘இந்த அரசாணையின் இந்த விதிப்படி தகுதியில்லை’ என்று கையெழுத்துப் போட்டுத் தர, அதிகாரி அந்த விதியைத் திறந்து படித்தாக வேண்டும். படித்தால் பாதிப் பேருக்குத் தகுதி இருப்பது அவருக்கே தெரிந்துவிடும். ஏழைகளுக்கான பணத்தை அரசு ஒதுக்கிவிட்டது, உரிமையை நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அந்த உரிமையைத் தாலுகா அலுவலக ஜன்னலில் செல்லுபடியாக்க, ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான் பாக்கி. அதைக் கேட்டு வாங்குவோம்.